ஓசுவின் வீடும் உண்ணியின் தறவாடும்

1982-ல் பிரிட்டிஷ் திரைப்படக் கழகத்தின் சதர்லாண்ட் கோப்பை அடூர் கோபாலகிருஷ்ணனின் 'எலிப்பத்தாயம்' படத்துக்குக் கிடைத்தது. 1958-ல் அந்தக் கோப்பையை முதன்முதலாகப் பெற்ற படம் யாசுஜிரோ ஓசுவின் 'டோக்கியோ ஸ்டோரி'. இரண்டிலும் நிதானமான காட்சிகள், வீட்டை விட்டு அதிகம் வெளியே போகாத கேமரா. திருவனந்தபுரத்து அடூர் ஜப்பானியரிடம் பாடம் படித்துவிட்டார் என்று சொல்லி முடித்துக்கொள்வது சுலபம். எனக்கு அதில் சம்மதமில்லை. இந்த ஒற்றுமையின் வேரை சினிமாவில் தேடுவதைவிட வாரிசுச் சட்டத்தில் தேடுவதே சரி.

ஜப்பானில் 'இயே' என்ற குடும்ப முறை இருந்தது. வீட்டுத் தலைவருக்கே அதிகாரம். மூத்த மகனுக்கே சொத்து, பெற்றோரைப் பேணும் கடமையும் அவனுக்கே. போருக்குப்பின் திருத்தப்பட்ட சிவில் சட்டம் 1948 முதல் அதை ஒழித்தது. ஐந்தாண்டு கழித்து, 1953-ல், ஒனொமிச்சியிலிருந்து டோக்கியோவில் உள்ள பிள்ளைகளைப் பார்க்கக் கிளம்பிய முதிய தம்பதியை ஓசு படமாக்கினார். கேரளத்தில் நாயர் தறவாடு போன்ற கூட்டுக்குடும்பங்களைக் கலைத்த கூட்டுக்குடும்ப ஒழிப்புச் சட்டம் 1976 டிசம்பர் முதல் தேதி நடைமுறைக்கு வந்தது. 'எலிப்பத்தாயம்' 1981-ல் வந்தது. அதே ஐந்தாண்டு என்பது தற்செயல்தான். ஆனால் இரண்டு இயக்குநர்களும் காட்டுவது ஒரே கட்டம்: பழைய கடமை போய்விட்டது, அதை எதிர்பார்க்கும் மனசு போகவில்லை. ஓசுவின் படத்தில் தாயின் சாவுக்கு வந்த மகள் ஷிகே, துக்க வீட்டுச் சாப்பாட்டின்போதே அம்மாவின் உடைகளில் தனக்கு வேண்டியதைக் கேட்கிறாள். அடூரின் படத்தில் நாயகன் உண்ணியின் மூத்த அக்கா ஜானம்மா பங்கு கேட்டு வந்து நிற்கிறாள். இருவரையும் வில்லிகளாக்கவில்லை என்பதில்தான் இந்தப் படங்களின் கண்ணியம் இருக்கிறது.

திருவிதாங்கூரில் 1925-லேயே நாயர் சட்டம் பாகப்பிரிவினைக்கு வழி திறந்துவிட்டதே, 1976-க்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 1925 கதவைத் திறந்தது. 1976 வீட்டையே இல்லாமல் செய்தது. இடைப்பட்ட அரை நூற்றாண்டில் ஊறிப்போன சோம்பலின் பிள்ளைதான் உண்ணி. பொறியில் சிக்கிய எலியைக் குளத்தில் முக்கிக் கொல்வதுகூட அவன் வேலையில்லை. தங்கை அதைச் செய்கிறாள். இங்கே அடூர் ஓசுவிடமிருந்து விலகுகிறார். ஓசுவின் தகப்பன் ஏமாற்றத்தை விழுங்கிக்கொண்டு, விதவை மருமகள் நொரிகோவிடம் மனைவியின் கைக்கடிகாரத்தைக் கொடுக்கிறார். அடூர் உண்ணியைக் கடைசியில் குளத்திலேயே தள்ளவைக்கிறார். மாணவர் ஆசிரியரைப் பின்பற்றினார் என்றால் இந்தக் கோபம் எங்கிருந்து வந்தது?

இன்னொரு மறுப்பும் உண்டு: ஜப்பானியப் படங்களின் தாக்கமே இல்லையென்று சொல்ல வருகிறேனா? இல்லை. 1965-ல் திருவனந்தபுரத்தில் தொடங்கிய சித்திரலேகா ஃபிலிம் சொசைட்டி உலக சினிமாவைப் பார்க்கும் கண்ணை இந்நகருக்குக் கொடுத்தது. புணேயின் தேசியத் திரைப்பட ஆவணக்காப்பகத்தைக் கட்டி வளர்த்து, நாடெங்கும் உள்ள சொசைட்டிகளுக்குப் படப்பெட்டிகள் போக வழிசெய்த பி.கே.நாயரும் திருவனந்தபுரத்தில் பிறந்தவரே. அதற்கு முன்பே, 1954-ல், எஸ்.பாலசந்தரின் 'அந்த நாள்' குரோசாவாவின் 'ரஷோமோன்' பாணியில் ஒரே கொலையைப் பலர் வாய்வழியாகச் சொன்னது. ஆனால் அங்கே கடன் வாங்கியது கதை சொல்லும் உத்தி. உத்தியைத் தனியே கழற்றி எடுத்துவர முடியும். தறவாட்டின் அழுகலை அப்படி எங்கிருந்தும் கொண்டுவர முடியாது.

ஜப்பானியப் படங்களைப் பார்க்கும் கண் இந்நகரில் மூடிவிடவில்லை: 2023-ல் திருவனந்தபுரம் திரைப்பட விழாவின் சுவர்ண சகோரம் விருது ரியுசுகே ஹமகுச்சியின் 'ஈவில் டஸ் நாட் எக்ஸிஸ்ட்' படத்துக்குப் போனது. அங்கேயும் வேர் சொந்த மண்ணில்தான். அதன் மையக் காட்சி, மலைக்கிராமத்தில் வரவிருக்கும் சொகுசு முகாமின் கழிவுநீர்த் தொட்டியை எங்கே வைப்பது என்று ஊரார் கேள்வி கேட்கும் கூட்டம்.