சங்கிலி சுருண்ட கதை

1619-ஆம் ஆண்டு ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் வடிவியல் பேராசிரியர் பதவிக்கு ஆள் தேடினார்கள். பதவியை உருவாக்கிப் பணமும் கொடுத்தவர் சர் ஹென்றி சாவில். அவரைப் பார்க்க எட்மண்ட் கண்டர் என்ற பாதிரியார் வந்தார். தான் செய்த கருவிகளை எடுத்து வைத்து, இதனால் கோணம் அளக்கலாம், அதனால் கணக்குப் போடலாம் என்று உற்சாகமாக விளக்க ஆரம்பித்தார். சாவிலின் முகம் சுருங்கியது. இது வடிவியலா, வித்தை காட்டுகிற வேலை என்று அவரை அனுப்பிவிட்டாராம். ஜான் ஆப்ரி என்பவர் பிற்பாடு எழுதிவைத்த கதை இது. பதவி ஹென்றி பிரிக்ஸுக்குப் போனது. விரட்டப்பட்ட வித்தைக்காரர் அடுத்துக் காட்டப்போகும் வித்தை, நான்கு நூற்றாண்டு கழித்தும் தமிழ்நாட்டுப் பத்திரங்களில் உட்கார்ந்திருக்கும் என்று சாவில் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்.

1620-இல் லண்டன் கிரெஷாம் கல்லூரி கண்டரை வானியல் பேராசிரியராக எடுத்துக்கொண்டது. அந்த ஆண்டுகளில்தான் அவருடைய இரும்புச் சங்கிலி பிறந்தது. நீளம் 66 அடி, கண்ணிகள் 100. பார்ப்பதற்கு விசித்திரமான எண்ணாகத் தெரியும் 66-க்குள் ஒரு தந்திரம் ஒளிந்திருந்தது. பத்துச் சங்கிலி நீளமும் ஒரு சங்கிலி அகலமும் கொண்ட நிலம் சரியாக ஓர் ஏக்கர்; 80 சங்கிலி சேர்ந்தால் ஒரு மைல். ஆங்கிலேயரின் கோணல்மாணலான அளவுகளைப் பத்து, நூறு என்ற எளிய கணக்குக்குள் கண்டர் அடக்கிவிட்டார். கிரிக்கெட் பிட்ச்சின் 22 கெஜமும் இதே ஒரு சங்கிலி நீளம்தான். நம் ஊரில் மனை விற்பவரும் வாங்குபவரும் பேரம் பேசும் சென்ட், இந்தச் சங்கிலியின் ஆயிரம் சதுரக் கண்ணி. உலகத்தில் பாதியை அளந்த அந்தச் சங்கிலிக்கு ஒரே ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. அது வளர்ந்தது.

கண்ணிக்கும் வளையத்துக்கும் இடையில் இரும்போடு இரும்பு உரசும் இடங்கள் ஒரு சங்கிலியில் அறுநூறுக்கும் மேல். ஓர் இடத்தில் அங்குலத்தில் நூறில் ஒரு பங்கு தேய்ந்தால் போதும், மொத்தச் சங்கிலி அரை அடி நீண்டுவிடும். நீண்ட சங்கிலியால் அளந்தால் எண்ணிக்கை குறையும். நிலமும் காகிதத்தில் குறைந்துவிடும். சேறு படிந்தாலோ கண்ணி வளைந்தாலோ பிழை எதிர்ப்பக்கம் போகும். தேய்மானமே இல்லாத புத்தம்புதுச் சங்கிலியையும் விடாமல் துரத்திய எதிரி வேறொன்று. அதன் முழு உக்கிரத்தைப் பார்க்கத் தோதான இடம் லண்டன் அல்ல, சென்னை.

1802 ஏப்ரல் மாதம் வில்லியம் லாம்டன் பரங்கிமலைக்கு அருகே தன் ஆட்களுடன் இறங்கினார். இந்தியாவை முக்கோணம் முக்கோணமாக அளக்கும் பெரும் வேலைக்கு முதல் கோடு அங்கே போடப்பட இருந்தது. கோட்டின் நீளம் ஏறத்தாழ ஏழரை மைல். கையில் இருந்தது 100 அடி உருக்குச் சங்கிலி. அது வந்த வழியே ஒரு கதை. 1793-இல் மெக்கார்ட்னி பிரபுவின் தூதுக்குழு சீனப் பேரரசருக்குக் கொண்டுபோன பரிசுகளில் அதுவும் ஒன்று. பேரரசர் அதைச் சீந்தவில்லை. குழுவில் இருந்த டின்விடி என்ற விஞ்ஞானியோடு அது கல்கத்தா வந்து, கடைசியில் லாம்டன் கைக்குச் சேர்ந்தது. சீனம் வேண்டாம் என்று தள்ளிய சங்கிலி சித்திரை வெயிலில் நீட்டிப் படுத்தது. எதிரியும் வந்து சேர்ந்தான்.

வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் ஏறினால் 100 அடி உருக்கு சுமார் மூன்றரை மில்லிமீட்டர் நீளும். ஒரு தடவைக்கு அது அற்பம். ஏழரை மைலுக்குச் சங்கிலியை ஏறத்தாழ 400 தடவை போட வேண்டும். அப்போது பிழை 1.4 மீட்டரைத் தொடும். லாம்டன் முக்காலிகளின் மேல் மரப்பெட்டிகளை வரிசையாக வைத்து, அதற்குள் சங்கிலியைக் கிடத்தி, பக்கத்திலேயே வெப்பமானிகளையும் வைத்து, ஒவ்வோர் அளவையும் திருத்தி எழுதினார். அளவு அபாரமாக வந்தது. ஆனால் அதற்கு ஒரு பட்டாளமும் ஒரு பேரரசின் கஜானாவும் தேவைப்பட்டன. ஒரு ஜன்னலுக்கு அளவெடுக்கும் தச்சருக்கு அந்த வசதி ஏது?

அவருக்குக் கிடைத்தவை மடக்கு மர அளவுகோலும் துணி நாடாவும்தான். மடக்குக்கோல் கச்சிதமானது, நீளமாக அளக்க உதவாது. நாடா நீளமானது, நனைந்தால் சுருங்கும், இழுத்தால் நீளும், சுற்றி முடிப்பதற்குள் சிக்கிக்கொள்ளும். இங்கிலாந்தின் உருக்கு நகரமான ஷெஃபீல்டில் பட்டறை வைத்திருந்த ஜேம்ஸ் செஸ்டர்மன் முதலில் அந்தச் சிக்கலில் கை வைத்தார். நாடா சுற்றும் உருளைக்குள் ஒரு சுருள்வில்லைப் பொருத்தி 1829-இல் காப்புரிமை வாங்கினார். இழுத்தால் வரும், விட்டால் தானே உள்ளே ஓடும். ஆனால் உள்ளே ஓடியது அதே துணிதான். அதன் சுருங்கும் புத்தி எங்கே போகும்?

1842-இல் செஸ்டர்மன் மறுபடி வந்தார். இந்த முறை துணியின் நெசவுக்குள்ளேயே மெல்லிய உலோகக் கம்பிகளை ஓட்டினார். பாலிடெக்னிக் சிவில் மாணவர்கள் இன்றும் ‘மெட்டாலிக் டேப்’ என்று படிப்பது இந்த வம்சத்தைத்தான். நீளுவது குறைந்ததே தவிர நிற்கவில்லை. துணியையே கைவிட்டு முழுக்க உருக்கால் நாடா செய்ய வேண்டும். அது மெலிதாக இருக்க வேண்டும், பல அடி நீளத்துக்கு ஒட்டுப் போடாமல் வர வேண்டும், சுருட்டினால் உடையக் கூடாது, விட்டால் நிமிர வேண்டும். அப்படி ஒரு பட்டைக்குப் பெருங்கிராக்கி கிளம்பியது கட்டட வேலையில் அல்ல, பெண்களின் பாவாடையில்!

1856-இல் கூண்டுப் பாவாடைக்குக் காப்புரிமை கிடைத்தது. ‘கிரினோலின்’ என்று பெயர். இடுப்பிலிருந்து கணுக்கால் வரை உருக்கு வளையங்களை அடுக்கி, அதன்மேல் பட்டுத்துணி விரிந்து நிற்கும். மகாராணியும் உடுத்தினார், ஆலைத் தொழிலாளியும் உடுத்தினார். வாசற்படியில் இடித்தது, கணப்பில் பட்டுத் தீப்பிடித்து உயிர்களையும் குடித்தது. மோகம் மட்டும் குறையவில்லை. வளையங்களுக்காக உருக்குப் பட்டைகள் மைல்கணக்கில் உருண்டன. பிறகு, மோகங்களுக்கே உரிய வேகத்தில், 1870-ஐ நெருங்கும்போது கூண்டு மறைந்தது. பாவாடைக்கென்று உருட்டி மீந்த பட்டையில்தான் அங்குலக் கோடுகள் ஏறின என்று கருவித் தொழிலில் வழிவழியாக ஒரு கதை உண்டு. கதையில் எவ்வளவு சர்க்கரை கலந்திருந்தாலும், பாவாடைக்கு வேண்டிய பட்டையும் அளவைக்கு வேண்டிய பட்டையும் ஒரே குணம் கொண்டவை. கண்ணியும் தேய்மானமும் இல்லாத உருக்கு நாடா நில அளவையாளர்களின் தோளில் ஏறியது. தச்சரின் சட்டைப் பைக்கு அது வந்துசேர, இன்னும் இரண்டு தடைகள் குறுக்கே நின்றன.

முதல் தடை, சுருள்வில்லின் அவசரம். இழுத்துப் பிடித்த நாடாவைக் கொஞ்சம் அசந்தாலும் உள்ளே இழுத்துக்கொள்ளும். எண்ணைப் படிப்பதற்குள் அளவு காணாமல் போகும். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் நியூ ஹேவன் நகரத்து ஆல்வின் ஃபெல்லோஸ், எந்த இடத்திலும் நாடாவைப் பிடித்து நிறுத்தும் ஒரு பிடியை அமைத்து 1868 ஜூலை 14 அன்று காப்புரிமை பெற்றார். இனி மடக்குக்கோலுக்கு வேலை இருக்காது என்றுதான் தோன்றியிருக்க வேண்டும். நடந்தது வேறு. அடுத்த அரை நூற்றாண்டுக்கும் மேலாகத் தச்சர்கள் மடக்குக்கோலையே கட்டிக்கொண்டு அழுதார்கள்.

காரணம் எளியது. தட்டையான உருக்கு நாடா இரண்டு அடி நீட்டுவதற்குள் தொங்கிவிடும். மறுமுனையைப் பிடிக்க இன்னொரு ஆள் வேண்டும். ஒற்றை ஆளாக உத்தரத்தை எட்டிப் பிடிக்க மரக்கோலால்தான் முடிந்தது. இந்த இரண்டாம் தடையை உடைத்தவர் ஹைரம் ஃபாரண்ட். நாடாவின் குறுக்கே ஒரு சின்ன வளைவு கொடுத்தார், அவ்வளவுதான். மெல்லிய பனையோலை நடுவில் மடிந்திருப்பதால் காற்றில் விறைத்து நிற்கிறதே, அதே சூட்சுமம். குழிந்த நாடா வெளியே வந்தால் கோல் மாதிரி நின்றது. சுருட்டினால் வளைவு தட்டையாகிப் பணிந்தது. 1922-இல் காப்புரிமை கிடைத்தது. அதைப் பெருமளவில் செய்யக் கைகொடுத்தது நியூ ஹாம்ப்ஷையரில் பெர்லின் என்ற ஊரில் மரக்கூழும் காகிதமும் தயாரித்துவந்த பிரவுன் கம்பெனி. காகித ஆலையில் கண் திறந்த அந்த நாடாவை, மடக்குக்கோல் விற்றே பேர் வாங்கிய ஸ்டான்லி நிறுவனம் பின்னர் விலைக்கு வாங்கியது. தன் சரக்கைத் தானே சாகடிக்கும் துணிச்சல் அது.

1963-இல் ஸ்டான்லி, கட்டைவிரலால் அழுத்திப் பூட்டும் ‘பவர்லாக்’ டேப்பைக் கொண்டுவந்தது. சுருள்வில், உருக்கு, பிடி, வளைவு நான்கும் ஒரு கைப்பிடிக்குள் சேர்ந்தன. இன்று ஹார்டுவேர் கடையில் தொங்கும், ஆசாரியின் இடுப்பிலும் வீட்டு மேசை இழுப்பறையிலும் கிடக்கும் டேப்பின் உருவம் முழுமையடைந்தது. ஆனால் ஒற்றை ஆள் அளக்க வேண்டும் என்றால் நுனியில் ஒரு கொக்கி வேண்டும். கொக்கி வந்ததும் கண்டர் காலத்து வம்பு புது வேடத்தில் திரும்பியது. அந்தக் கொக்கிக்கும் ஒரு கனம் உண்டே!

பலகையின் விளிம்பில் மாட்டி இழுக்கும்போது, அளவு கொக்கியின் உட்புறத்திலிருந்து தொடங்க வேண்டும். சுவரில் முட்டவைத்து அளக்கும்போது வெளிப்புறத்திலிருந்து தொடங்க வேண்டும். இரண்டுக்கும் இடையே உலோகத்தின் கனம், சுமார் ஒரு மில்லிமீட்டர். பூஜ்யத்தை எந்தப் பக்கம் வைத்தாலும், சுவர்ப் பொந்தை முட்டி அளந்து அதே எண்ணைப் பலகையில் மாட்டிக் குறித்தால், பலகை அந்த ஒரு மில்லிமீட்டர் குட்டையாகும். இரண்டு இடத்தில் ஒரு பூஜ்யம் எப்படி இருக்க முடியும்?

விடை, பூஜ்யத்தையே நகரவிடுவது. கொக்கியின் ஆணித்துளைகளை வேண்டுமென்றே நீள்வட்டமாகக் குடைந்தார்கள். மாட்டி இழுத்தால் கொக்கி தன் கனத்தின் அளவுக்கு வெளியே நகரும். முட்டித் தள்ளினால் அதே அளவு உள்ளே போகும். இரண்டு முறையிலும் பூஜ்யம் தன் இடத்துக்கு வந்துவிடும். புது டேப்பை வாங்கியதும் கொக்கி லொடலொடவென்று ஆடுகிறதே என்று சுத்தியலால் தட்டி இறுக்கிவிடும் நல்ல மனிதர்கள் ஊருக்கு ஊர் உண்டு. அவர்கள் தட்டி ஒழிப்பது டேப்பின் நுட்பமான கண்டுபிடிப்பை!

ஆட்டத்தைத் தட்டித்தான் கெடுக்க வேண்டும் என்பதில்லை. முழு நீளம் இழுத்த டேப்பைப் படாரென்று உள்ளே விட்டால், கொக்கி உறையில் மோதி மோதித் துளை பெரிதாகும். ஒரு மில்லிமீட்டர் ஆட்டம் இரண்டாகும். அனுபவசாலி கடைசி அடியை விரலால் தடுத்து மெதுவாக உள்ளே விடுவார். எண்ணைப் படிக்கும்போது டேப்பைச் சற்றுச் சாய்த்து விளிம்பை மரத்தோடு ஒட்டவைப்பார், ஃபாரண்டின் வளைவு விளிம்பைத் தூக்கிக் கண்ணை ஏய்த்துவிடும் என்பதால். அலமாரியின் உள்ளகலம் அளக்கும்போது மூலையில் டேப்பை வளைத்து ஊகிக்க மாட்டார். உறையின் முதுகைச் சுவரில் ஒட்டி, அதன் மேல் அச்சிட்டிருக்கும் உறை நீளத்தைக் கூட்டிக்கொள்வார்.

லாம்டனின் எதிரியும் போய்விடவில்லை. டேப்புகளின் அளவு 20 டிகிரி வெப்பத்துக்கு என்று வகுக்கப்பட்டது; 40 டிகிரி வெயிலில் 5 மீட்டர் டேப் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல் நீண்டிருக்கும். ‘II’ என்று வகுப்பு முத்திரை பெற்ற 5 மீட்டர் டேப்புக்கு அனுமதிக்கப்பட்ட பிழையே 1.3 மில்லிமீட்டர். ஒன்று கூட்டியும் இன்னொன்று குறைத்தும் காட்டினால், முத்திரை குத்திய இரண்டு நல்ல டேப்புகளுக்குள் கிட்டத்தட்ட ஒரு நூல் வித்தியாசம் வரலாம். சுவரை ஒருவர் டேப்பிலும் பலகையை இன்னொருவர் டேப்பிலும் அளந்தால் கதவு உரசுவதில் ஆச்சரியம் இல்லை. ஒரு வேலைக்கு ஒரே டேப் என்று ஆசாரிகள் பிடிவாதம் பிடிப்பது அதனால்தான்.

கொக்கியின் யோக்கியதையைச் சோதிக்கப் பட்டறைகளில் ஒரு சுருக்குவழி உண்டு. ஒரு துண்டுப் பலகையைக் கொக்கி மாட்டி ஒரு தடவை அளப்பார்கள். அடுத்து 10 சென்டிமீட்டர் கோட்டைப் பலகையின் விளிம்பில் வைத்து மறுபடி அளந்து, வந்த எண்ணில் பத்தைக் கழிப்பார்கள். இரண்டு விடையும் ஒன்றானால் கொக்கியின் ஆட்டம் சரியான ஆட்டம். ஒன்றாகாவிட்டால், அடுத்த அலமாரிக்குப் பலகை வெட்டும் முன் புது டேப் வாங்குவது மலிவு. வெட்டிய பலகையை எந்தச் சுருள்வில்லாலும் நீட்ட முடியாது.