கட்கியில் பிறந்த தோட்டா

புனேயில் இருக்கும் நம்மவர்கள் பலர் தினமும் கட்கி வழியாகத்தான் ஆபீசுக்குப் போகிறோம். லோக்கல் ரயிலில் சிவாஜிநகருக்கு முந்தைய ஸ்டேஷன். வெள்ளைக்காரன் வாயில் அது 'கிர்க்கி'. அங்கே இருக்கும் வெடிபொருள் தொழிற்சாலை 1869-ல் தொடங்கியது. அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் பழைய ராணுவத் துப்பாக்கி சேகரிப்பவர்களுக்கு நம் ஷனிவார் வாடா தெரியாமல் இருக்கலாம். ஆனால் .303 தோட்டாவின் அடிப்பாகத்தில் பொறித்திருக்கும் 'கே.எஃப்.' என்ற இரண்டெழுத்து நன்றாகத் தெரியும். கிர்க்கி ஃபேக்டரி!

அந்தத் தோட்டா போனது லீ என்ஃபீல்ட் துப்பாக்கிக்கு. காலேஜில் என்.சி.சி.யில் இருந்தவர்களுக்கு அதன் கனம் தோளில் இன்னும் நினைவிருக்கும். கல்கத்தா பக்கம் இஷாப்பூரில் 1904-ல் துப்பாக்கித் தொழிற்சாலை வந்தது. அங்கே செய்த பழைய துப்பாக்கிகளில் கிரீடமும் மன்னர் பெயரின் முதலெழுத்துகளும் இருக்கும். சுதந்திரத்துக்குப் பிறகு வந்தவற்றில் அசோகச் சிங்கம். 1962 சீனப் போருக்குப் பின் அதே உருவத்தில் 7.62 தோட்டாவுக்காக ஒரு ரகம் செய்தார்கள். உத்தரப் பிரதேச போலீஸ் .303-க்கு விடை கொடுத்தது 2020 குடியரசு தினத்தில்தான்.

சேகரிப்பவர்கள் துப்பாக்கியோடு நிற்பதில்லை. கட்டையின் அடியில் பித்தளை மூடி ஒன்று உண்டு. அதற்குள் எண்ணெய்க் குப்பியும், குழலைத் துடைக்கும் கயிறும் இருக்கும். அக்காலத் தோட்டாக்கள் பலவற்றின் அடியில் இருக்கும் பற்றவைப்பு மருந்து உப்பை விட்டுச் செல்லும். ஈரக்காற்று பட்டால் துருதான். அதனால் சுட்டு முடித்ததும் கொதிநீர் ஊற்றிக் கழுவ வேண்டும். அதற்கென்று தனிப் புனலே உண்டு, அதையும் தேடி வாங்குகிறார்கள்.

இதில் நம் கதை எங்கே என்கிறீர்களா? 1857-க்குப் பிறகு இந்தியச் சிப்பாய்க்கு நல்ல துப்பாக்கி கொடுக்க ஆங்கிலேயருக்குப் பயம். என்ஃபீல்ட் குழலின் உள்வரிகளை வழித்தெடுத்துவிட்டுக் கொடுத்தார்கள். குறி தவறட்டும் என்றுதான்! 1878 சட்டம் பொதுமக்களுக்கும் பூட்டுப் போட்டது. 1914-ல் பிரான்சுக்குப் போன நம் சிப்பாய்களுக்குப் புது ரகத் துப்பாக்கி கைக்கு வந்தது மார்சே துறைமுகத்தில் இறங்கிய பிறகே. உயிரைக் கொடுக்க நம்பினார்கள், ஆயுதத்தைக் கொடுக்க நம்பவில்லை.

இன்றும் இங்கே இது எளிய பொழுதுபோக்கு அல்ல. 1959 ஆயுதச் சட்டப்படி ஒருவர் மூன்று துப்பாக்கி வைத்திருக்கலாம் என்றிருந்தது, 2019 திருத்தத்தில் இரண்டாகக் குறைந்தது. பழுதுபார்த்தாலும் சுட முடியாத புராதன ஆயுதத்துக்கு மட்டும் விலக்கு உண்டு. அது எது என்று நாமே முடிவு செய்யக் கூடாது.

ஊரில் பழைய வீட்டை விற்கும்போது, பட்டாளத்துத் தாத்தாவின் டிரங்குப் பெட்டியைத் திறந்து பாருங்கள். பித்தளைக் குப்பி, வார்ப்பட்டை கிடைத்தால் காயலான் கடையில் எடைக்குப் போடாதீர்கள். புளி போட்டுப் பளபளவென்று தேய்க்கவும் வேண்டாம், முத்திரை அழிந்துவிடும். முத்திரையையும் ஆண்டையும் ஒரு நோட்டில் குறித்து, தாத்தாவின் ரெஜிமெண்ட் பெயரையும் பக்கத்தில் எழுதுங்கள். தோட்டா இருந்தால் மட்டும் தொடாமல் போலீசுக்குச் சொல்லுங்கள். ஞாபகார்த்தம் என்று பையில் போட்டுப் புனே விமானத்தில் ஏறினால், ஸ்கேனருக்கு உங்கள் தாத்தாவைத் தெரியாது!