பெஸ் நகரின் கல்லும் சொல்லும்

மொராக்கோ நாட்டின் பெஸ் நகருள் வழிகாட்டியுடன் நடந்து செல்வோர் பெரும்பாலும் போ ஜெலூத் வாயில் வழியே நுழைகின்றனர். வெளிமுகம் நீல ஓடு, உள்முகம் பச்சை. தொன்மையை நாடி வந்தவர் முதற்கண் வியக்கும் அவ்வளைவு, பிரெஞ்சுக்காரர் காலத்தில், 1913இல் எழுந்தது! நகரமோ எட்டாம் நூற்றாண்டின் இறுதியில் முதலாம் இத்ரீஸ் கால்கோளியது. அவர் மகன் ஆற்றின் எதிர்க்கரையில் மற்றோர் ஊர் எழுப்பினார். 818இல் கொர்தோபாவில் கிளர்ந்து தோற்று, நாடு கடத்தப்பட்டோர் ஒரு கரையிலும், துனீசியாவின் கைரவான் நகரத்தார் மறு கரையிலும் குடியேறினர். தனித்தனி மதிலுடன் வாழ்ந்த ஈரூரையும் ஒன்றாக்கியவர் பதினோராம் நூற்றாண்டின் யூசுப் இப்னு தாஷுபீன்.

தாலா கபீரா என்னும் தெரு சரிந்து இறங்குகிறது. வண்டி நுழையாத சந்துகள். சரக்கேற்றிய கோவேறு கழுதைகளை ஓட்டுவோர் 'பாலக்' எனக் கூவ, நடப்போர் சுவரோடு ஒட்டி வழிவிடுவர். இறக்கத்தின் முடிவில் கரவிய்யீன் பள்ளிவாசல். முஸ்லிம் அல்லாதார் வாயிலில் நின்றே காணலாம். கைரவானிலிருந்து வந்த பாத்திமா அல்பிஹ்ரி என்னும் பெண்மணி தம் செல்வத்தால் 859இல் இதனைக் கட்டினார் என்று வழிகாட்டிகள் உரைப்பர். அதற்குரிய சான்று பதினான்காம் நூற்றாண்டு ஆசிரியர் இப்னு அபீ ஸர் எழுதிய நூல். பள்ளியினுள் கிடைத்த கல்வெட்டொன்றோ 877ஆம் ஆண்டையும் இத்ரீஸ் குலத்துத் தாவூதின் பெயரையும் குறிக்கிறது. ஊர் கல்லை விட்டுச் சொல்லைப் பற்றிக்கொண்டது. கதை நன்றாக இருந்தால் எந்த ஊரும் அப்படித்தான் செய்யும்.

மேட்டில் திரும்பி ஏறும்போது, இறங்குகையில் கடந்து வந்த போ இனானியா மதரஸா எதிர்ப்படும். 1350களில் சுல்தான் அபூ இனான் எழுப்பியது. கூட்டம் அதன் தேவதாரு மரச் செதுக்கலையும் சுதை வேலையையும் அண்ணாந்து பார்க்கும். எனக்கு அதனினும் பெரிதாகத் தோன்றுவது அதே சுல்தான் இட்ட வேறோர் ஆணை. நெடும்பயணம் முடித்து மீண்ட இப்னு பதூதா தாம் கண்டவற்றைச் சொல்ல வேண்டும். கிரானாடாவிலிருந்து வந்த கவிஞர் இப்னு ஜுஸை எழுத வேண்டும். 1355இல் இந்நகரில் அவர் சொல்லி முடித்தார்.

அந்நூலில் நம் மதுரையும் உண்டு. சுல்தான் கியாசுதீனின் மனைவியும் பதூதாவின் மனைவியும் உடன்பிறந்தோர். அவ்வுறவால் அவர் அங்குத் தங்கினார். மதுரையைச் சூறையாடிய கொள்ளைநோயை அவர் கூறுகிறார். கழுவேற்றப்பட்ட கைதிகளையும், அவர்களோடு மடிந்த மனைவியரையும் குழந்தைகளையும் கூறுகிறார். தம் உறவினனாயினும் அக்கொடுமையை அவர் மறைக்கவில்லை; கடிந்தே பேசுகிறார். அவர்களுக்கு நடுகல் ஏதுமில்லை. பெஸ் நகரில் எழுதப்பட்ட ஏடுதான் உண்டு.

ஏட்டை எவ்வளவு நம்புவது? டமாஸ்கஸ், மெக்கா பற்றிய பகுதிகள் சில, முந்தைய பயணி இப்னு ஜுபைரின் நூலிலிருந்து எடுத்தவை என்று ஆய்வாளர் காட்டியுள்ளனர். ஆயினும் காசுகளையும் கல்வெட்டுகளையும் விட்டால், மதுரை சுல்தான்களைப் பற்றி எழுதப் புகுவோர் இவ்வேட்டைத் தொடாமல் நகர முடிவதில்லை. வென்ற தரப்பின் சான்றாக நிற்கும் கங்காதேவியின் மதுரா விஜயமும் காவியமே. கங்காதேவி தம் கணவனின் வெற்றியைப் பாடினார். இப்னு ஜுஸை மதுரையைக் கண்டதே இல்லை.