சேர்வராயன் மலையில் சேர்த்து வைத்தவர்கள்

ஏற்காட்டின் மிகப் பழைய கட்டிடம் எது என்று கேட்டால் கிரேஞ்ச் பங்களாவைத்தான் காட்டுவார்கள். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் கட்டியது. இந்த மலைக்குக் காப்பிச் செடியைக் கொண்டுவந்தவரும் அவர்தான். 1857இல் சிப்பாய்க் கலகச் செய்தி பரவியபோது பங்களாவைச் சுற்றி அரண் எழுப்பி, பீரங்கி ஏற்றி, நிலவறையில் ஆறு மாதத்துக்கு வேண்டிய சாமான்களை அடுக்கி வைத்தார்கள் என்று ஊரில் சொல்வார்கள். அந்தச் சேமிப்புக்கு ஒரு காரணம் இருந்தது, ஒரு கெடுவும் இருந்தது.

இன்னொரு வகைச் சேமிப்பையும் இந்த ஊர் கண்டிருக்கிறது. யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரோடு சேர்ந்து விவிலியத்தைத் தமிழாக்கிய பீட்டர் பெர்சிவல், ஆயிரக்கணக்கான தமிழ்ப் பழமொழிகளைத் திரட்டி அச்சிட்டவர். அவர் 1882இல் ஏற்காட்டில்தான் காலமானார். அவருடைய மருமகன் ராபர்ட் புரூஸ் பூட், 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் ஆதிமனிதனின் கல்லாயுதத்தைக் கண்டெடுத்த நிலவியலாளர். தென்னிந்தியா முழுக்க அலைந்து கல்லும் பானையோடுமாகச் சேர்த்தார். முதுமையில் குடியேறியது இங்கேதான். அவர் சேர்த்த அத்தனையும் 1904இல் சென்னை அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது. ஒவ்வொரு துண்டும் எந்த ஊரில் கிடைத்தது என்ற குறிப்போடு அதன் பட்டியல் 1914இல் வெளியானபோது அவர் இறந்து இரண்டாண்டு ஆகியிருந்தது. வெளியே அனுப்ப மனம் வந்ததால்தான் அந்தக் கற்கள் இன்றும் பேசுகின்றன.

இதே ஊரில் என் பெரியம்மாவின் வீட்டில் சேர்ந்தது இந்த இரண்டு வகையிலும் அடங்காது. பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். பெரியப்பா இறந்தபின் தனியாக இருந்தார். பால் பாக்கெட் உறைகளைக் கழுவி, கொடியில் கிளிப் போட்டுக் காயவைத்து, நூறு நூறாகக் கட்டி அடுக்குவார். ஹார்லிக்ஸ் பாட்டில்கள், கல்யாணப் பத்திரிகைகள், மருந்துச் சீட்டுகள், அறுந்த செருப்புகள், பெரியப்பா படித்த நாளிதழ்கள் எல்லாம் வந்தன. முதலில் பரண் நிறைந்தது, பிறகு பெரியப்பாவின் அறை, பிறகு கட்டில். கடைசியில் அடுப்படிக்குப் பக்கவாட்டில் நடந்துதான் போக முடிந்தது. "இருக்கட்டும் கண்ணு, ஒரு நாளைக்கு ஆகும்" என்பார். மூடுபனி உள்ளே வந்து தங்கும் ஊரில் காகிதம் எப்படி இருக்கும்? அடிக்கட்டைத் தூக்கினால் ஈரம் ஊறி, பூஞ்சணம் பூத்து, ராமபாணப் பூச்சி தின்று, கையோடு கரைந்து வந்தது.

பஞ்சம் பார்த்த தலைமுறை, அதனால் எதையும் எறிய மாட்டார்கள் என்று சொந்தக்காரர்கள் எளிதாக முடித்துவிட்டார்கள். ஆய்வுகள் வறுமைக்கும் இப்படிக் குவிப்பதற்கும் அப்படியொரு நேரடித் தொடர்பைக் காணவில்லை. இழப்பும் அதிர்ச்சியும்தான் இத்தகையவர்கள் வாழ்க்கையில் கூடுதலாகத் தென்படுகின்றன. இந்தப் பழக்கம் பெரும்பாலும் இளம் வயதிலேயே தலைகாட்டி, வயது ஏற ஏற முற்றும்.

இப்படி முற்றிப்போன வீடு வெளிநாட்டிலும் உண்டு. நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் 1947 மார்ச்சில் ஹோமர் கோலியர் என்ற பார்வையற்ற முதியவர் தன் வீட்டில் இறந்துகிடந்தார். குவியலுக்குள் புக வழியில்லாமல் போலீசார் மாடி ஜன்னல் வழியாக இறங்கினார்கள். நூறு டன்னுக்கு மேல் சாமான்களை அகற்றிய பிறகுதான் தம்பி லாங்லியின் உடல் அதே அறையில், சரிந்த கட்டுகளுக்கு அடியில் கிடைத்தது. அண்ணனுக்குப் பார்வை திரும்பினால் படிக்கட்டும் என்று ஆண்டுக்கணக்கில் நாளிதழ் சேர்த்தவர் அவர். உலகம் அவர்களை வேடிக்கைக் கதையாக்கிவிட்டது. எனக்கு அதில் தெரிவது அன்புதான்.

இப்படிச் சேர்த்துக் குவிப்பதை மருத்துவம் தனி நோயாக ஏற்க நெடுநாள் பிடித்தது. எண்ணச் சுழற்சி நோயின் ஒரு கிளை என்றே வைத்திருந்தார்கள். 1996இல் ராண்டி ஃப்ராஸ்ட், தமாரா ஹார்ட்ல் என்ற ஆய்வாளர்கள், பொருளைப் பிரிய முடியாமை, புழங்க முடியாத அளவு குவியல், அதனால் வரும் துயரம் என்று இதன் எல்லையை வரைந்தார்கள். 2013இல் அமெரிக்க மனநலக் கையேட்டில் தனிப் பெயர் கிடைத்தது. 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப்பட்டியலிலும் இடம்பெற்றது. நூறு பேரில் இரண்டு மூன்று பேருக்கு இது இருக்கலாம் என்று கணிக்கிறார்கள்.

அப்படியானால் நம் ஊர்களில் முன்பு இது ஏன் கண்ணில் படவில்லை? வெள்ளையடிப்பதும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன். பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடிக்க வேண்டுமென்றால் வீட்டின் கடைசிக் குண்டான் வரை வாசலுக்கு வந்தாக வேண்டும். வந்தது தெருவுக்கே தெரியும். பாதி போகியில் எரியும். பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம், பழைய துணிக்குப் பாத்திரம் என்று கூவி வருபவர் மீதியை வாங்கிப்போவார். கூட்டுக்குடும்பத்தில் ஒருவர் சேர்த்ததை இன்னொருவர் கழித்தார். பெயின்ட் வந்தபின் பத்தாண்டானாலும் சுவரைத் தொட வேண்டியதில்லை. பிள்ளைகளும் மலையிறங்கிப் போய்விட்டார்கள். நோய் எப்போதும் இருந்திருக்கும். அதைத் தடுத்து நிறுத்திய வழக்கம்தான் போய்விட்டது.

பெரியம்மா கண் அறுவைசிகிச்சைக்குச் சேலம் போயிருந்தபோது, நல்லது செய்வதாக எண்ணி உறவினர்கள் ஒரு அறையைக் காலி செய்து லாரியில் ஏற்றிவிட்டார்கள். திரும்பி வந்தவர் பல நாள் சாப்பிடவில்லை. கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டார். ஓராண்டுக்குள் அந்த அறை முன்னைவிட அதிகமாக நிறைந்துவிட்டது. ஆளில்லாத நேரத்தில் அள்ளிக் கொட்டுவது அவரிடமிருந்து பறிப்பதுதான், அதைச் சுத்தம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அதன்பின் ஒரு மனநல ஆலோசகரின் சொற்படி மெதுவாகத் தொடங்கினோம். அழகு பார்ப்பது பிறகு. முதலில் வாசலுக்கும் கழிப்பறைக்கும் தடையில்லாத வழி, கேஸ் அடுப்பையும் ஸ்விட்ச் போர்டையும் சுற்றி இடைவெளி. ஜன்னலை அரைமணி நேரமாவது திறந்துவைத்த பின்பே உள்ளே போனோம். என்95 முகக்கவசம், ரப்பர் கையுறை, மூடிய காலணி கட்டாயம். எலிப்புழுக்கையைக் காய்ந்தபடி பெருக்கக் கூடாது, தூசியோடு கிருமி மூச்சில் ஏறும். பிளீச்சிங் கரைசல் தெளித்து ஊறவிட்டுத் துணியால் துடைத்தெடுக்க வேண்டும். அந்தக் கரைசலோடு கழிப்பறை ஆசிட்டைச் சேர்த்தால் விஷவாயு கிளம்பும். கட்டுகளை மேலிருந்துதான் எடுக்க வேண்டும், அடியில் உருவினால் மேலே சரியும். மலை வீட்டில் தேளும் பாம்பும் குவியலில் தங்குவதால் பகலில் மட்டும், நீண்ட கம்பால் தட்டிப் பார்த்துத்தான் கைவைத்தோம்.

ஒவ்வொரு பொருளையும் பெரியம்மா கையில் கொடுத்து, வைப்பதா, கொடுப்பதா, போடுவதா என்று கேட்போம். ஒரு மத்தியானம் முழுக்க ஒரே அட்டைப்பெட்டியில் போனதுண்டு. பத்திரிகைக் கட்டுக்குள் பென்ஷன் தாளும் நிலப் பத்திரமும் இருந்தன, லாரியில் போனவற்றில் என்னென்ன இருந்தனவோ. இந்நோய்க்குப் பயன் தருவதாகத் தெரிந்தது பேச்சுவழிச் சிகிச்சைதான், மாத்திரை மட்டும் போதாது. வழி தெரியாத குடும்பங்கள் 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

பெரியப்பாவின் நாளிதழ்களில் ஒரு கட்டை மட்டும் வைத்துக்கொள்வது என்று பெரியம்மாவே முடிவு செய்தார். மற்றவை எடைக்குப் போகின்றன. பழைய பேப்பர்காரர் மாதாமாதம் வருகிறார், தராசு முள் நிற்கும் வரை பெரியம்மா விலை பேச விடுவதில்லை.