மாரியம்மாவுக்கு விதித்த அபராதம்

பாலியல் சுரண்டலை எதிர்த்த நம் பெண்களின் கதைகளைப் படிக்கும்போது, அவள் தப்பினாள் என்பதோடு நாம் நிறுத்திவிடுகிறோம். பிறகு ஊர் என்ன செய்தது என்பதும் வரலாறுதான்.

1989இல் ப. சிவகாமியின் 'பழையன கழிதலும்' நாவலில், நிலவுடைமையாளரின் வன்கொடுமைக்கு ஆளான தங்கமே அடியும் வாங்குகிறாள். 1994இல் வந்த பாமாவின் 'சங்கதி'யில், தண்ணீர் குடிக்கப் போன மாரியம்மாவை முதலாளி பம்புசெட்டுக் கொட்டகைக்குள் இழுக்கிறார். திமிறி ஓடிவந்துவிடுகிறாள். அவரோ முந்திக்கொண்டு நாட்டாமையிடம் போய், அவள் மாணிக்கத்தோடு தப்பாக இருந்ததாகப் பழி சொல்கிறார். நம் தெருவிலேயே பஞ்சாயத்து கூடுகிறது. அவளுக்கு அபராதம் 200 ரூபாய், மாணிக்கத்துக்கு 100.

இந்த இரட்டிப்பை நாம் கவனிக்க வேண்டும். நிலமும் கூலியும் முதலாளி கையில். அவரைக் கேட்க முடியாத நம் ஆண்கள், நம் பெண்ணைத் தண்டித்து ஊரைக் காப்பாற்றியதாக நினைத்துக்கொண்டார்கள். சாதியை எதிர்க்கும் நாம் இதையும் சேர்த்தே எதிர்க்க வேண்டும்.

ஆனால் 'சங்கதி'யில் கதை சொல்லும் சிறுமி, ஏன் இப்படி என்று பாட்டியிடம் கேட்கிறாள். பஞ்சாயத்து காதில் வாங்காத சாட்சியத்தை நாவல் எழுதிவைத்தது. மாரியம்மாவின் பலம் ஓடித் தப்பியதில் தொடங்கியது. அடுத்த தலைமுறைப் பெண் கேட்ட கேள்வியில் அது வளர்ந்தது. நம் தெருப் பஞ்சாயத்தில் பெண்ணின் சொல் சபையேறும்வரை அந்த வழக்கு முடியவில்லை.