தண்ணீர்மலைக் காவடியும் தன்மதிப்பும்

பினாங்கு ஜார்ஜ் டவுனில் அருவியை ஒட்டிய குன்றுப் பகுதியைத் தமிழர் தண்ணீர்மலை என்று வழங்குகின்றனர். 1857இல் நாட்டுக்கோட்டை நகரத்தார் அங்கு எழுப்பிய தண்டாயுதபாணி கோயிலும், 1894இல் தமிழகத்திலிருந்து வந்த வெள்ளி ரதமும் தைப்பூசத்தை நகரின் பெருவிழாவாக்கின. ஆயினும் அவ்விழாவுக்கு உடலை வருத்தும் அலகுக் காவடியின் முகத்தைத் தந்தவர்கள் பெரும்பாலும் எளிய உழைப்பாளிகளே.

தோட்ட மேலாளரான துரை, எழுத்தரான கிராணி, மேற்பார்வையாளரான கங்காணி என்று அடுக்கடுக்கான ஏவலுக்குக் கீழே ஆண்டெல்லாம் கழித்த ரப்பர்த் தோட்டத் தொழிலாளி, நோயோ கடனோ பிள்ளையின்மையோ நெருக்கியபோது முருகனுக்கு நேர்ந்துகொண்டு, விரதம் காத்து, அலகு குத்திக் காவடி எடுத்தான். பிற நாள்களில் யாருக்கு அவன் வழிவிட்டு ஒதுங்கினானோ அவர்களே அன்று அவனுக்கு வழிவிட்டனர்; பெண்கள் அவன் காலில் நீர் வார்த்தனர். இவ்வாறு மதிக்கப்பட்டதன் பயனை அக்காலத்துப் படித்தவர்கள் எடைபோடத் தவறினர் என்றே கூறவேண்டும்.

1929 டிசம்பரில் பினாங்கில் வந்திறங்கி ஈப்போவில் நடந்த தமிழர் மாநாட்டிலும் உரையாற்றிய பெரியார் ஈ.வெ.ரா.வின் வருகைக்குப் பின், மலாயாவில் சுயமரியாதைக் கருத்துகள் வேகமாகப் பரவின. சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணி முதலியோர் தமிழர் சீர்திருத்தச் சங்கத்தையும், 1935இல் தொடங்கிய 'தமிழ் முரசு' இதழையும் நடத்தி, சாதி, கள், அலகுக் காவடி ஆகியவை பிற இனத்தார்முன் தமிழரைத் தாழ்த்துகின்றன என்று வாதிட்டனர். தொழிலாளிக்குப் பெருமை தந்த செயலே சீர்திருத்தக்காரருக்கு வெட்கம் தந்தது. ஆனால் இரு தரப்பினரும் தேடியது மதிப்பையே.

இந்த மதிப்பின் அகப்பக்கத்தை உளவியலும் ஆராய்ந்துள்ளது. ஒருவர் தம்மைத் தகுதியுடையவராகக் கருதும் பொது மனப்பாங்கே உளவியலில் தன்மதிப்பு எனப்படுகிறது. அதனை அளக்க மாரிஸ் ரோசன்பர்க் 1965இல் வெளியிட்ட பத்துக் கூற்று அளவுகோல் இன்றும் பயன்படுகிறது. உல்ரிச் ஓர்த்தும் பிறரும் 15 முதல் 21 வயதுவரையிலான இளையோரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து ஆய்ந்து, 2008இல் வெளியிட்ட முடிவின்படி, தாழ்ந்த தன்மதிப்பு பிற்கால மனச்சோர்வுக்கு முன்னறிகுறியாகிறது; மனச்சோர்வு அதே அளவுக்குத் தன்மதிப்பைக் குலைப்பதில்லை. பதற்றத்தின் நிலை வேறு: தன்மதிப்பும் பதற்றமும் ஏறக்குறைய சம அளவில் ஒன்றையொன்று பாதிக்கின்றன என்று 2013இல் வெளிவந்த தொகுப்பாய்வு காட்டியது.

காவடிக்கும் மனநலத்துக்கும் உள்ள தொடர்புக்கு மிக அருகில் வரும் சான்று மொரீசியஸ் தமிழரிடமிருந்து கிடைக்கிறது. திமித்ரிஸ் சிகலாட்டாஸ் குழுவினர் 2019இல் வெளியிட்ட ஆய்வில், நாள்பட்ட நோயுற்றோரும் சமூகத்தில் தாழ்நிலையில் இருந்தோரும் காவடியில் கூடுதல் வேதனையை ஏற்றனர். கூடுதல் வேதனையை ஏற்றவர்களே பின்னர்த் தம் மனநலம் மேம்பட்டதாகவும் கூறினர். ஆனால் அது ஏறத்தாழ இரு மாதங்களே நீடித்த சிறிய ஆய்வு. சீர்திருத்தக்காரர்கள் தொழிலாளிக்குக் கோரியதோ ஆண்டு முழுவதற்குமான மதிப்பு.