கூடாரத்துள் ஒளிர்ந்த திருவாழ்வு

திரைநடிகரை நினைவிற்கொள்ளும் நாம், ஊர்தோறும் திரையைச் சுமந்து சென்றவர்களை மறந்துவிட்டோம். அவர்களுள் முன்னோடி சாமிக்கண்ணு வின்சென்ட். 1883இல் கோவையில் பிறந்த இக்கிறிஸ்தவர், திருச்சிராப்பள்ளியில் தென்னிந்திய இரயில்வேயில் வரைவாளராகப் பணியாற்றினார். 1905இல் படம் காட்டித் திரிந்த டுபாண்ட் என்னும் பிரெஞ்சுக்காரர் திருச்சியில் நோயுற்றுத் தாயகம் திரும்ப விழைந்தார். அவருடைய கருவியையும் படச்சுருள்களையும் வின்சென்ட் விலைக்கு வாங்கினார். நிலையான ஊதியத்தைத் துறந்தார்.

அச்சுருள்களுள் ஒன்று இயேசுவின் வாழ்க்கை. பேச்சற்ற படம் அது. ஆதலால் எழுத்தறியாதோர்க்கும் விளங்கிற்று. கோவிலுக்குள் அடியெடுத்து வைத்திராதவரும் கூடாரத்துள் அமர்ந்து ஆண்டவரின் பாடுகளைக் காண முடிந்தது.

பர்மா வரை சென்று படம் காட்டிய வின்சென்ட், 1914இல் கோவையில் வெரைட்டி ஹால் அரங்கை எழுப்பினார், 1933இல் ‘வள்ளி திருமணம்’ பேசும்படத் தயாரிப்பிலும் பங்கேற்றார், 1942இல் மறைந்தார். கோவையில் ஒரு சாலை அவ்வரங்கின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அவர் மறைபோதகர் அல்லர். கட்டணம் பெற்ற வணிகர். எனினும் நற்செய்தி பீடத்திலிருந்து மட்டுமே புறப்படுவதில்லை. அலுவலகத்திலும் கடைத்தெருவிலும் உழைக்கும் பொதுநிலையினரின் கைகளிலும் அது பயணம் செய்கிறது என்பதை அவர் வாழ்வு உணர்த்துகிறது.